ஞாயிற்றுக்கிழமைக் கைவேலை

(முன்னாள் மாணவியர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே டிபன் பாக்ஸில் கைவிட்டுச் சாப்பிட்ட என் தோழிகளே, தோழிகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் பின்வரிசையில் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரர்களே!

போன மாதம் நம் செயலாளர் எனக்குப் போன் செய்தார். "பேச்சு ரொம்ப கனமா வேண்டாம்க்கா. ரிட்டயர் ஆனவங்க நிறைய பேர் வர்றாங்க. சனி, ஞாயிறுல பொழுதுபோக்கா வீட்ல என்ன செய்யலாம்னு பேசுங்க. சின்னச் சின்னக் கைவேலை, கேக் செய்யறது, நகத்துல டிசைன் போடறது, இந்த மாதிரி" என்றார். சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் சிரித்தேன் என்று சொன்னால் பாதிப் பேச்சு முடிந்துவிடும்.

நான் பிறந்து வளர்ந்த ஊர் ஐயம்பேட்டை. தஞ்சாவூர்ப் பக்கத்திலும் ஓர் ஐயம்பேட்டை உண்டு. கல்லூரியில் சேர்ந்த முதல் நாளே பாதிப் பேர் அந்த ஊரா என்று கேட்டீர்கள். இல்லை, இது காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற வழியில் இருக்கும் பட்டுத் தறி ஊர். எங்கள் தெருவில் கோழி கூவுவதற்கு முன்னால் தறிச் சத்தம் கேட்கும். எங்கள் வீட்டுக் கூடத்தில் குழித்தறி. அப்பா நெய்வார். அம்மா ராட்டினத்தில் தார் சுற்றுவார். எட்டு வயதிலிருந்து நான் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கோர்வைக்கு நாடா தள்ளினேன்.

கோர்வை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காஞ்சிப் பட்டுப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் கரைக்கொரு நாடா, ஆக மூன்று நாடா ஓட வேண்டும். ஒவ்வோர் ஓட்டத்திலும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ள வேண்டும். அந்தப் பிடிப்பு சரியாக விழுந்தால்தான் புடவை நைந்தாலும் கரை பிரியாது என்று பெயர் எடுக்கும். இதை ஒருவர் கையால் செய்வது கடினம். ஆகவே மறுகரையின் பக்கத்தில் இன்னோர் ஆள் உட்கார வேண்டும். அந்த இன்னோர் ஆள் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைதான். வெளியாள் வைத்தால் கூலி கொடுக்க வேண்டுமே!

1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தபோதுகூட, சொந்த வீட்டில் குடும்பத்தாரோடு செய்யும் வேலைக்கு அதில் விலக்கு இருந்தது. 1990-களில் காஞ்சிபுரம் வட்டாரத் தறிகளில் பிள்ளைகள் உட்காருவது பெரிய பேச்சாகி, அவர்களை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பும் வேலை நடந்தது. 2016-இல் சட்டத்தை இறுக்கினார்கள். அப்போதும் பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலுக்கு உதவலாம் என்ற வாசல் திறந்தே இருந்தது. நான் யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. அப்பா என்னைத் தறியில் உட்கார வைத்தார்; அதே அப்பாதான் இந்தக் கல்லூரியில் வேதியியல் படிக்கவும் அனுப்பினார். நான் கல்லூரிக்கு வந்த மூன்று வருடமும் கோர்வைக்கு என் இடத்தில் அம்மா உட்கார்ந்தார். தார் சுற்றும் வேலையை ராத்திரியில் செய்தார்.

ஆகவே, கைவேலை என்ற சொல்லைப் பொழுதுபோக்கு என்ற சொல்லோடு சேர்த்துக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? எங்கள் வீட்டில் கை செய்ததற்கெல்லாம் கூலிக் கணக்கு உண்டு. கூலி இல்லாத வேலையைக் கை தொடாது. சனி, ஞாயிறு என்று ஒன்றும் கிடையாது. அமாவாசைக்கு அமாவாசை தறி நிற்கும். அன்றைக்கு அப்பா எண்ணெய் தேய்த்துக் குளித்துத் தூங்குவார். அம்மா தறிக்குழியைப் பெருக்கி, துணியெல்லாம் துவைத்து, படையல் சமைப்பார். அப்பாவுக்கு மாதத்தில் ஒரு நாள் லீவு, அம்மாவுக்கு அதுவும் இல்லை.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி செயலாளர் கொடுத்த மூன்று விஷயத்துக்கும் வருகிறேன்.

நகமும் நூலும்

முதலில் நகம். பட்டு இழையைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? புழுக் கூட்டிலிருந்து உரிக்கும் ஒற்றை இழை நம் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. நகத்தின் ஓரத்தில் சின்னப் பிசிறு இருந்தால் போதும், நூல் மாட்டும், இழுபடும், அறுந்தும் போகும். அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போடுவதற்குள் அப்பாவின் முகம் சிவந்துவிடும். அதனால் எங்கள் பாட்டி எல்லார் நகத்தையும் ஒட்ட வெட்டுவார். வெட்டினால் மட்டும் போதாது என்று, தீப்பெட்டியின் மருந்துப் பக்கத்தில் தேய்த்து ஓரத்தை மழுக்கியும் விடுவார். எங்கள் ஊரில் பெண்ணின் கையைப் பார்த்தே அவள் தறி வீட்டுப் பெண் என்று சொல்லிவிடலாம்.

முதலாம் ஆண்டில் விடுதியில் இருந்த தோழி ஒருத்தி (இங்கேதான் இருக்கிறாள், பெயர் சொல்ல மாட்டேன், சிரிப்பதைப் பார்த்தாலே தெரியும்) பத்து விரலுக்கும் சிவப்பு பாலிஷ் போட்டுக்கொண்டு வந்தாள். நான் அதைப் பார்த்த பார்வையைக் கண்டு, என் இடது கைச் சுண்டு விரலில் மட்டும் பூசிவிட்டாள். பஸ்ஸில் வீடு போகும்வரை அந்த விரலைத் தனியாக நீட்டிக்கொண்டே போனேன். வீட்டில் அப்பா பார்த்தார். திட்டவில்லை. "உரிஞ்சா ஓரம் பிளேடு மாதிரி நிக்கும்மா, நூலு தாங்காது" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு ராத்திரியே சுரண்டி எடுத்துவிட்டேன். அடுத்த அமாவாசைக்கு அம்மா கொல்லையிலிருந்து மருதாணி இலை பறித்து அம்மியில் அரைத்து என் பத்து விரலுக்கும் தொப்பி போட்டுவிட்டார். மாதத்தில் அவர் கூலி இல்லாமல் செய்த ஒரே கைவேலை அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

நம் வேதியியல் பேராசிரியை முன்வரிசையில் இருக்கிறார். தப்பிருந்தால் திருத்தட்டும். மருதாணி இலையில் லாசோன் என்று ஒரு சாயப் பொருள் இருக்கிறது. இலையை அரைத்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு ஊற வைத்தால் அது வெளியே வரும். நகம் கெரட்டின் என்ற புரதம். லாசோன் அந்தப் புரதத்தோடு சேர்ந்துகொள்கிறது. மேலே படலமாக நிற்பதில்லை, அதனால் உரிவதும் இல்லை, நூலில் மாட்டுவதும் இல்லை. தறி வீட்டுக்கு ஏற்ற அலங்காரம்! கை நகம் மாதத்துக்கு ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் வளர்கிறது. பொங்கலுக்கு அடிநகத்தில் பிடித்த சிவப்பு, நுனிக்கு நகர்ந்து வெட்டுப்பட ஆனி மாதம் ஆகிவிடும். சின்ன வயதில் அந்தச் சிவப்புப் பிறையைப் பார்த்துத்தான் பண்டிகை எவ்வளவு தூரத்தில் போய்விட்டது என்று கணக்குப் போடுவேன்.

பாலிஷ் வேறு வகை. நைட்ரோசெல்லுலோஸ் என்ற பொருளைச் சீக்கிரம் ஆவியாகும் திரவத்தில் கரைத்து நிறம் சேர்த்திருப்பார்கள். திரவம் பறந்ததும் படலம் நிற்கும். நம் நாட்டில் டாட்டா குழுமம் 1952-இல் லக்மே கம்பெனியைத் தொடங்கியது. லக்மே என்பது லட்சுமி என்ற பெயரின் பிரெஞ்சு உருவம். நம் லட்சுமியே பாரிஸ் போய்ப் பவுடர் பூசிக்கொண்டு திரும்பி வந்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் பேத்தி எனக்கு நகத்தில் படம் போடுகிறாள். அவளுக்கு யூடியூப் குரு, எனக்குப் புடவைக் கரைதான் குரு. செல்லோ டேப்பைச் சின்ன முக்கோணமாக வெட்டி நகத்தில் ஒட்டி மேலே பூசி எடுத்தால் கோபுரக் கரை வந்துவிடும். குண்டூசித் தலையில் பாலிஷைத் தொட்டு ஒரு பெரிய புள்ளி, அது காய்ந்ததும் உள்ளே வேறு நிறத்தில் சின்னப் புள்ளி, அதுதான் மயில் கண். பல்குச்சியால் வரிசையாகப் புள்ளி வைத்தால் ருத்ராட்சம். இதற்குக் கடையில் தனிச் சாமான் வாங்கத் தேவையில்லை. ஒவ்வொரு பூச்சும் முழுசாகக் காய வேண்டும், அவ்வளவுதான். நம் வயதில் நமக்குப் பொறுமைக்கு என்ன குறை?

சில எச்சரிக்கை. பாலிஷும் அதை எடுக்கும் அசிட்டோனும் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பங்கரையில் வைத்துப் பூசாதீர்கள், சன்னலைத் திறந்து வையுங்கள். உடனே கறுப்பாகப் பிடிக்கும் மருதாணி என்று விற்பதை வாங்காதீர்கள். மருதாணி தானாகக் கறுப்பாகாது. அதில் தலைச்சாயத்தில் போடும் பிபிடி கலந்திருக்கலாம். கொப்புளம் வந்து தழும்பாகிவிடும். இன்னொன்று, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஒன்றிரண்டு விரலையாவது வெறுமையாக விட்டு வையுங்கள். விரலில் மாட்டி ஆக்ஸிஜன் பார்க்கும் கருவிக்கு அடர்ந்த பாலிஷ் தொல்லை கொடுக்கும்.

மணல் போட்ட குக்கர்

அடுத்தது கேக். எங்கள் வட்டாரத்துக் கேக் எது என்றால் நான் குடலை இட்லி என்றுதான் சொல்வேன். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் பிரசாதம். மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்த மாவை, மந்தாரை இலை போட்ட மூங்கில் குடலையில் ஊற்றி மணிக்கணக்காக ஆவியில் வேக வைப்பார்கள். புளித்த மாவு காற்றுக் குமிழி விட்டு உப்பும், சூடு அதை அப்படியே கெட்டிப்படுத்தும். கேக்கின் தத்துவமும் அதுதான். ஒன்று ஆவி, மற்றது அனல்.

கல்யாணமாகிச் சில வருடம் கழித்துத்தான் நான் முதல் கேக் செய்தேன். ஓவன் ஏது? குக்கரின் அடியில் இரண்டு அங்குலம் மணலைப் பரப்பி, மேலே ஒரு தட்டு வைத்து, கேஸ்கெட்டும் வெயிட்டும் இல்லாமல் மூடி, பத்து நிமிடம் சூடாக்கி, உள்ளே பாத்திரத்தை வைப்பது. அன்றைக்கு எல்லார் வீட்டிலும் இதே வித்தைதான். மாமியார் முட்டை தொடமாட்டார். முட்டை இல்லாத கேக் வெளுத்துப் போகுமே, மஞ்சள் நிறம் வேண்டுமே என்று ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டேன். நன்றாக உப்பட்டும் என்று சமையல் சோடாவை ஒரு ஸ்பூனுக்கு இரண்டு ஸ்பூனாகப் போட்டேன். திறந்து பார்த்தால் கேக் செங்கல் நிறத்தில் இருக்கிறது! வாயில் வைத்தால் சோப்பு. வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. "வேதியியல்தானே படிச்சே?" என்று மட்டும் கேட்டார்.

நியாயமான கேள்விதான். மஞ்சள் காரத்தில் சிவக்கும் என்று முதலாம் ஆண்டு ஆய்வகத்தில் நானே செய்து பார்த்திருக்கிறேன். குங்குமம் செய்வதே மஞ்சளில் காரம் சேர்த்துத்தான். தயிரின் புளிப்பு எவ்வளவு சோடாவைத் தாங்குமோ அவ்வளவுதான் போட வேண்டும். மிச்சம் நின்ற சோடா சூட்டில் சோடியம் கார்பனேட் ஆகிவிடும்; சோப்பு ருசி அதிலிருந்து வருவது. அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்: மைதா 200 கிராம், பொடித்த சர்க்கரை 150 கிராம், புளித்த கெட்டித் தயிர் 200 மில்லி, எண்ணெய் 100 மில்லி, பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன். மாவையும் பவுடரையும் மூன்று முறை சலித்து, தயிர், சர்க்கரை, எண்ணெய் கலவையில் மெதுவாகச் சேர்த்து, ஏலக்காய் போட்டு, உடனே அடுப்பில் ஏற்றிவிடுங்கள். சின்னத் தீயில் நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம். குச்சி விட்டுப் பார்த்தால் ஒட்டாமல் வர வேண்டும். நடுவில் திறந்து திறந்து பார்க்காதீர்கள், அமுங்கிவிடும்.

பேக்கிங் பவுடருக்கு ஒரு கதை உண்டு. இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் ஆல்பிரட் பேர்ட் என்று ஒரு மருந்துக் கடைக்காரர். அவருடைய மனைவிக்கு ஈஸ்ட் போட்ட ரொட்டியும் முட்டையும் ஒத்துக்கொள்ளாது. அவளுக்காக 1843-இல் ஈஸ்ட் இல்லாமலே ரொட்டி உப்புவதற்கு ஒரு பவுடர் கலந்து கொடுத்தார். அதற்கு முன்பே முட்டை இல்லாத கஸ்டர்டும் அவளுக்காகவே செய்திருந்தார். அப்புறம்தான் அது கம்பெனியானது, உலகம் முழுக்கப் போனது. முதல் ரொட்டி மட்டும் வீட்டுக்காரிக்கு! பின்வரிசைக்காரர்கள் கவனிக்க வேண்டும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் மகள் வீட்டில் நடந்த ஒரு விஷயம். அவள் கேக் நன்றாகச் செய்வாள். அக்கம்பக்கத்தார் சாப்பிட்டுவிட்டு, "இதை வித்தா என்ன?" என்றார்கள். நம் ஊரில் எதையாவது ஒருத்தி நன்றாகச் செய்துவிட்டால் அடுத்த கேள்வி அதுதானே! விற்றாள். முறைப்படி உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் செய்தாள். விற்பதென்றால் அது கட்டாயம், மறக்காதீர்கள். முதலில் மாதம் இரண்டு ஆர்டர். பிறகு சனிக்கிழமைக்கு ஐந்து, ஆறு. ராத்திரி ஒரு மணிவரை கிரீம் அடித்துக்கொண்டிருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தேன். மேசையில் மூன்று கேக். பேத்தி ஒரு தட்டில் துண்டுதுண்டாக ஏதோ சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கேக்கைச் சதுரமாக்க வெட்டி எடுத்த ஓரங்கள். "எனக்கு எப்பவுமே ஓரம்தான் பாட்டி. முழுக் கேக்கெல்லாம் ஆர்டருக்கு" என்றாள். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னாள்.

எனக்குச் சுருக்கென்று இருந்தது. இந்த வார்த்தையை நான் வேறு எங்கேயோ கேட்டிருக்கிறேன். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பட்டுப் புடவை நெய்தார்கள். அம்மாவின் கல்யாணப் புடவை நூல் புடவை. முழுப் புடவையெல்லாம் ஆர்டருக்கு.

மிச்ச நூல்

அதனால் மூன்றாவது விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது கூலித் தறி. பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார். எடை போட்டுக் கொடுப்பார். நெய்து கொண்டுபோனால் புடவையையும் எடை போடுவார். குறைந்தால் கூலியில் பிடிப்பு. ஆகவே வீடு முழுக்கப் பட்டு இருக்கும், ஒரு முழம் நூல்கூட எங்களுடையது இல்லை.

ஒன்பது வயதில் நான் தார்க்குச்சியிலிருந்து அரக்கு நிற நூலைக் கொஞ்சம் உருவி, துணிப் பொம்மைக்கு ஜடை பின்னினேன். ஒரு கை நீளம் இருக்கும். அப்பா கண்டுபிடித்துவிட்டார். அவர் என்னை அடித்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். பொம்மையின் ஜடையைப் பிரித்து, நீவி, மறுபடியும் தாரில் சுற்றி வைத்தார். அந்த நூலால் எடை ஒன்றும் குறைந்திருக்காது. ஆனால் கணக்கில் வரும் பொருளோடு பிள்ளை விளையாடினால் பழகிவிடும் என்ற பயம் அவருக்கு. அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

அப்பா 2009-இல் காலமானார். தறியைப் பிரித்துவிட்டோம். அம்மாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. என்னோடுதான் இருக்கிறார். வேலை இல்லாத கை என்ன செய்யும்? புடவைத் தலைப்பைச் சுருட்டும், பிரிக்கும். டிவி பார்க்கும்போதுகூட வலது கை ராட்டினம் சுற்றுகிற மாதிரி அசையும்.

போன வருடம் மே மாத விடுமுறையில் பேத்தி வந்தாள். பட்டு நூல் வளையல் செய்ய வேண்டும் என்று கடையில் நூல் வாங்கி வந்திருந்தாள். செய்முறை சுலபம். பழைய பிளாஸ்டிக் வளையல் இருந்தால் போதும். அகலம் வேண்டுமானால் நாலைந்தைச் சேர்த்து ஒட்டிக்கொள்ளலாம். பதினைந்து, இருபது இழையை ஒன்றாகச் சேர்த்து, வளையலின் உட்பக்கம் ஒரு பொட்டு பெவிகால் வைத்து நுனியை ஒட்டி, இடைவெளி விழாமல், ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் சுற்றிக்கொண்டே வர வேண்டும். முடிவையும் உட்பக்கமே ஒட்ட வேண்டும். மேலே கல் சங்கிலியோ முத்தோ ஒட்டுவது உங்கள் இஷ்டம். பேத்தி சுற்றியதில் நூல் மேடும் பள்ளமுமாக நின்றது. அம்மா சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க குடு" என்று வாங்கினார். வளையல் அவர் விரலில் தானாகத் திரும்பியது. நூல் கண்ணாடி மாதிரிப் படிந்தது. பேத்தி வாயைப் பிளந்தாள். "கொள்ளுப் பாட்டி, நீங்க வீடியோவே பார்க்கலையே!"

அம்மா நூலை முகர்ந்து பார்த்தார். பிறகு அதன் நுனியைக் கொளுத்தச் சொன்னார். "முடி கருகற வாசனை வரல. காகிதம் எரியற மாதிரி இருக்கு. இது பட்டு இல்லடி" என்றார். சரிதான், பட்டும் முடி மாதிரிப் புரதம், கருகினால் அந்த வாசனை வர வேண்டும். கடையில் பட்டு நூல் என்று விற்பது பெரும்பாலும் செயற்கைப் பட்டு. வளையலுக்கு அது போதும். ஆனால் அம்மாவுக்குப் போதவில்லை. எழுந்து போய்த் தன் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். அடியிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்து வந்தார். பிரித்தால் அரக்கு நிறப் பட்டு, ஒரு கைப்பிடி. அப்பா நெய்த கடைசிப் பாவின் மிச்சம். தறியைப் பிரித்தபோது முதலாளி வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார்களாம். வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். இத்தனை வருடமாக அது பெட்டியில் இருந்தது எனக்கே தெரியாது.

வளையலில் சுற்ற ஆரம்பிப்பதற்கு முன்னால் அம்மா என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"இதுக்கு யாரும் கணக்கு கேக்க மாட்டாங்களே?"

"இல்லம்மா."

"கூலியும் இல்லையே?"

"இல்லம்மா."

"அப்ப நாமளே போட்டுக்கலாம்" என்றார்.

மூன்று வளையல் வந்தது. பேத்திக்கு ஒன்று, எனக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. அம்மா பிறந்ததிலிருந்து பட்டைத் தொட்டவர். பட்டை உடம்பில் போட்டது அன்றைக்குத்தான்.

தோழிகளே, செயலாளர் கொடுத்த தலைப்பைக் கேட்டு நான் முதலில் சிரித்தேன் என்று சொன்னேனே, இப்போது சிரிப்பதில்லை. கூலிக்கும் கணக்கிற்கும் வெளியே, செய்தது செய்தவளுக்கே என்று நிற்கிற வேலைதான் பொழுதுபோக்கு. அது எல்லாருக்கும் கிடைப்பதில்லை. எங்கள் தெருவில் ஒரு தலைமுறைக்கே கிடைக்கவில்லை. "இது என்ன வேலையத்த வேலை, நகத்துக்குப் படம் போடறது" என்று பேத்தியைத் திட்டுவதற்கு முன்னால், நம் அம்மாவுக்கு அந்த வேலையத்த நேரம் எப்போதாவது இருந்ததா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பணம் தேவைப்படுகிறவர்கள் தாராளமாக விற்கட்டும். ஆனால் அப்போது அது தொழில். தொழில் என்றால் மாவுக்கும் சர்க்கரைக்கும் மட்டும் விலை போடாமல், நின்ற நேரத்துக்கும் கூலி போடுங்கள். வீட்டுப் பெண் செய்தாள் என்பதற்காகக் கூலியைச் சேர்க்காமல் விடுவதுதான் எங்கள் ஊர்த் தறிக் கணக்கிலும் நடந்தது. தார் சுற்றிய அம்மாவுக்கும் நாடா தள்ளிய பிள்ளைக்கும் தனிக் கூலி எழுதியவர் யார்? என் மகள் இப்போது வாரத்துக்கு இரண்டு ஆர்டர்தான் எடுக்கிறாள், விலையை உயர்த்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைக் கேக் விற்பனைக்கு இல்லை. அதைப் பேத்திதான் முதலில் வெட்டுகிறாள், நடுவிலிருந்து.

உங்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். வீட்டில் வயதான அம்மா, மாமியார், அத்தை யாராவது இருந்தால், "நீங்க சும்மா உட்காருங்க" என்று சொல்லாதீர்கள். அந்தக் கைக்குத் தெரிந்தது ஏதோ ஒன்று இருக்கும். பூ கட்டுவது, கூடை பின்னுவது, கோலம், ஊறுகாய், எதுவோ. அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளையோடு சேர்ந்து செய்யச் சொல்லுங்கள். சரியாக வராவிட்டால் பரவாயில்லை. என் செங்கல் கேக்கை இருபத்தைந்து வருடமாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள், வீடே கலகலப்பாகிறது.

கடைசியாக ஒன்று. வாசலில், பதிவு செய்கிற மேசைக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் நாற்பது வளையல் வைத்திருக்கிறேன். கடை நூலில் சுற்றியது. பாதி அம்மா சுற்றியது, பாதி நான். எது யாருடையது என்று பார்த்தாலே தெரியும், மேடு பள்ளமாக இருப்பது என்னுடையது. போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். விலை எவ்வளவு என்று யாரும் கேட்காதீர்கள், அம்மாவுக்குக் கோபம் வரும்.

கோர்வையில் என் இடத்தில் உட்கார்ந்து என்னை இந்தக் கல்லூரிக்கு அனுப்பிய என் அம்மாவுக்கு நன்றி.